பித்த அமிலத்தை அளந்து பார்த்தார்களா?

ஓயாத வயிற்றுப்போக்குக்கு எல்லாம் “நரம்புத் தளர்ச்சி” காரணம் அல்ல

மும்பை மின்சார ரெயிலில் கழிவறை கிடையாது. கல்யாணில் ஏறி கோட்டைப் பகுதிக்கு வேலைக்குப் போகிறவர் சுமார் ஒரு மணி நேரம் நெரிசலில் நின்றபடியே பயணம் செய்ய வேண்டும். வயிறு நன்றாக இருப்பவர்களுக்கே அது ஒரு தவம். சாப்பிட்ட சிறிது நேரத்தில் வயிறு கலக்கி, “இப்போதே போயாக வேண்டும்” என்று அவசரப்படுத்தும் நோய் உள்ளவர்களுக்கோ அது அன்றாடத் தண்டனை.

இப்படிப்பட்டவர்கள் காலையில் இட்லியும் வேண்டாம், காப்பியும் வேண்டாம் என்று வெறும் வயிற்றோடு வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள். எந்த ஸ்டேஷனில் கழிவறை எந்தப் பக்கம் இருக்கிறது என்பது அவர்களுக்கு மனப்பாடம். கல்யாண வீட்டுப் பந்தி, கோவில் யாத்திரை, ஊருக்குப் போகும் பஸ் பயணம் எல்லாவற்றையும் ஏதோ ஒரு சாக்குச் சொல்லித் தவிர்க்கிறார்கள். உண்மையான காரணத்தைச் சொல்ல வெட்கம்.

டாக்டரிடம் போகிறார்கள். ரத்தம், மலம், ஸ்கேன், பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை எல்லாம் நடக்கின்றன. முடிவில், “உங்களுக்கு ஒன்றும் இல்லை. கவலைப்படாமல் இருங்கள், சரியாகிவிடும்” என்கிறார்கள். நோயாளியோ தினமும் ஆறேழு தடவை ஓடிக்கொண்டுதான் இருக்கிறார். “எல்லாம் மனப்பிரமை” என்று வீட்டில் உள்ளவர்களும் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள்.

ஆனால், இவர்களில் ஒரு பகுதியினருக்கு உடலில் உண்மையிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. அது ஸ்கேனில் தெரியாது. குழாய் விட்டுப் பார்த்தாலும் தெரியாது. அளந்து பார்த்தால் மட்டுமே தெரியும். அளக்க வேண்டிய பொருள், பித்த அமிலம்!

ஐ.பி.எஸ். என்ற பெயர்

குடலில் புண் இல்லை, கட்டி இல்லை, கிருமி இல்லை. ஆனாலும் வயிற்று வலியும் மலம் கழிப்பதில் ஒழுங்கின்மையும் மாதக்கணக்கில் நீடிக்கின்றன. இந்த நிலையை டாக்டர்கள் “ஐ.பி.எஸ்.” என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். குடல் எளிதில் எரிச்சல் அடையும் நோய் என்று தமிழில் கூறலாம். சிலருக்கு இது மலச்சிக்கலாக வரும். சிலருக்கு மாறி மாறி வரும். வயிற்றுப்போக்கே முக்கியமாக இருக்கும் மூன்றாவது பிரிவினரைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம்.

இந்த நோயைக் கண்டுபிடிக்கத் தனியான சோதனை எதுவும் கிடையாது. நோயாளி சொல்லும் அறிகுறிகளை வைத்தே முடிவு செய்கிறார்கள். 1978-ம் ஆண்டில் பிரிட்டனில் மேனிங் என்பவரும் அவருடைய சகாக்களும் இதற்கான அறிகுறிப் பட்டியல் ஒன்றை வெளியிட்டார்கள். இப்போது நடைமுறையில் இருப்பது 2016-ம் ஆண்டில் வெளிவந்த “ரோம்-4” விதிகள். கடந்த மூன்று மாதங்களில் சராசரியாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்று வலி வந்திருக்க வேண்டும். அந்த வலி மலம் கழிப்பதோடு தொடர்பு உடையதாக இருக்க வேண்டும். தொல்லை தொடங்கி ஆறு மாதங்களாவது ஆகியிருக்க வேண்டும் என்று அவை கூறுகின்றன.

அறிகுறியை வைத்துப் பெயர் சூட்டுவதில் ஒரு சங்கடம் உண்டு. காய்ச்சல் என்பது ஒரே அறிகுறிதான். அதற்கு மலேரியாவும் காரணமாகலாம், டைபாய்டும் காரணமாகலாம். அதைப் போலவே, “வயிற்றுப்போக்குடன் கூடிய ஐ.பி.எஸ்.” என்ற ஒரே பெயருக்குள் வெவ்வேறு காரணம் உடைய நோயாளிகள் கலந்து கிடக்கிறார்கள். அவர்களில் பித்த அமிலக்காரர்களைத் தனியே பிரித்தெடுக்க முடியும்.

எந்தப் பித்தம்?

தலை சுற்றினால் பித்தம், வாய் கசந்தால் பித்தம், மஞ்சளாக வாந்தி எடுத்தால் பித்தம் என்று சொல்வது நம் வழக்கம். சித்த வைத்தியத்தில் வாதம், பித்தம், கபம் என்ற கணக்கும் உண்டு. இங்கே நாம் பேசுவது அந்தப் பித்தம் அல்ல. கல்லீரலில் சுரந்து, பித்தப்பையில் தங்கி, சாப்பிட்டவுடன் சிறுகுடலுக்குள் இறங்கும் பித்த நீரைப் பற்றியது இந்தக் கட்டுரை.

எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய பாத்திரத்தை வெறும் தண்ணீரில் கழுவினால் போகாது. சீயக்காயோ சோப்போ வேண்டும். நாம் சாப்பிடும் நெய், எண்ணெய், தேங்காய் ஆகியவற்றில் உள்ள கொழுப்பைக் கரைக்க, குடலுக்கும் அப்படி ஒரு சோப்பு தேவைப்படுகிறது. பித்த நீரில் உள்ள பித்த அமிலங்கள்தான் அந்தச் சோப்பு. கல்லீரல் இவற்றைக் கொலஸ்ட்ராலில் இருந்து தயாரிக்கிறது.

உடலில் உள்ள மொத்தப் பித்த அமிலமும் சுமார் 3 கிராம்தான். ஒரு சாப்பாட்டுக்கே இது போதாதே என்று தோன்றும். இயற்கை இதற்கு ஒரு சிக்கனமான ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. வேலை முடிந்த பித்த அமிலம் வீணாவது இல்லை. சிறுகுடலின் கடைசிப் பகுதி அதை உறிஞ்சி, ரத்தத்தின் வழியாகக் கல்லீரலுக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது. கல்லீரல் அதை மீண்டும் பித்த நீரில் சேர்க்கிறது. அதே 3 கிராம் தினமும் பல தடவை சுற்றி வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் 95 சதவீதத்துக்குக் குறையாமல் மீட்கப்படுகிறது. ஒரு நாளில் மலத்தோடு வெளியே போவது சுமார் அரை கிராம். அதே அரை கிராமைக் கல்லீரல் புதிதாகத் தயாரித்து ஈடு செய்கிறது. வரவும் செலவும் சரி.

கணக்கு தவறினால்?

இந்தச் சுற்றில் இருந்து அதிகமான பித்த அமிலம் நழுவிப் பெருங்குடலுக்குள் போனால் தொல்லை ஆரம்பம். பெருங்குடலின் வேலை மலத்தில் உள்ள தண்ணீரை உறிஞ்சிக் கெட்டியாக்குவது. பித்த அமிலம் மிகுதியாகப் பட்டால் அது தலைகீழாக வேலை செய்கிறது. தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சுவதற்குப் பதிலாகச் சுரக்கத் தொடங்குகிறது. குடலின் அசைவும் வேகப்படுகிறது. விளைவு, தண்ணீராகப் போகிறது. அடக்க முடியாத அவசரம். சிலருக்கு ஆடையிலேயே போய்விடும் அவமானம்.

இந்த உண்மை ஒரே நாளில் தெரிந்துவிடவில்லை. அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் பணிபுரிந்த ஆலன் ஹாப்மன், சிறுகுடலின் கடைசிப் பகுதி கெட்டுப் போனவர்களுக்குப் பித்த அமிலத்தின் சுற்று அறுந்து வயிற்றுப்போக்கு ஏற்படுவதை 1967-ம் ஆண்டில் விளக்கினார். அவரும் மெக்ஜியன், பிலிப்ஸ் ஆகிய இருவரும் மனிதர்களின் பெருங்குடலுக்குள் பித்த அமிலக் கரைசலைச் செலுத்திப் பார்த்து, குடல் தண்ணீரைச் சுரப்பதை 1971-ல் நேரடியாக நிரூபித்தார்கள்.

அதுவரை, குடலில் ஆபரேஷன் நடந்தவர்களுக்கும் குடல் அழற்சி உள்ளவர்களுக்கும் மட்டுமே இது வரும் என்று நினைத்திருந்தார்கள். 1976-ம் ஆண்டில் டென்மார்க்கைச் சேர்ந்த தைசன், பெடர்சன் என்ற டாக்டர்கள், குடலில் எந்தக் குறையும் தெரியாத சிலருக்கும் இதே கோளாறு இருப்பதாக எழுதினார்கள். குடல் பார்வைக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் பித்த அமிலம் மிகுதியாக வெளியேறுகிறது! இது ஏன் என்பது முப்பது ஆண்டுகளுக்கு மேல் புதிராகவே இருந்தது.

நிறுத்தச் சொல்லும் தூதர்

புதிருக்கு ஒரு நல்ல விடை 2009-ம் ஆண்டில் லண்டனில் இருந்து வந்தது. ஜூலியன் வால்டர்ஸ் என்ற பேராசிரியரின் குழு அதைக் கண்டறிந்தது.

பித்த அமிலம் சிறுகுடலின் கடைசிப் பகுதிக்கு வந்து சேர்ந்ததும், குடல் ஒரு தூதரைக் கல்லீரலுக்கு அனுப்புகிறது. “சரக்கு வந்துவிட்டது. உற்பத்தியைக் குறைத்துக் கொள்” என்பதே தூதர் கொண்டு போகும் செய்தி. அந்தத் தூதரின் பெயர் எப்.ஜி.எப்.-19. இது ஒரு புரதம். ஹார்மோனைப் போல ரத்தத்தில் கலந்து கல்லீரலை அடைகிறது.

சிலருக்கு இந்தத் தூதர் போதுமான அளவில் புறப்படுவது இல்லை. செய்தி வராததால் கல்லீரல் தொடர்ந்து தயாரித்துக் கொண்டே போகிறது. தொட்டி நிரம்பியது தெரியாமல் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தால் தண்ணீர் வழியத்தானே செய்யும்? குடலால் உறிஞ்ச முடிந்த அளவுக்கு மேல் வந்தது பெருங்குடலுக்கு வழிகிறது. ஆக, இவர்களில் பலருக்கு உறிஞ்சும் குடல் பழுதாகவில்லை. உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடுதான் பழுது.

மனக்கவலை வயிற்றைக் கலக்கும் என்பது உண்மையே. அதற்காக, தூதர் வராமல் தவிக்கும் ஒருவரைப் பார்த்து, “கவலையை விடு” என்று மட்டும் சொல்லி அனுப்பினால் பயன் என்ன?

எப்படி அளக்கிறார்கள்?

இன்று நான்கு வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பலம், ஒரு குறை.

முதலாவது, செலீனிய மாத்திரை. பித்த அமிலத்தைப் போன்ற ஒரு பொருளில் செலீனியம்-75 என்ற கதிரியக்கத் தனிமத்தைச் சேர்த்து ஒரு குப்பி மாத்திரையாகத் தருகிறார்கள். எடின்பரோ ஆராய்ச்சியாளர்களும் அவர்களுடன் சேர்ந்து உழைத்தவர்களும் 1981-ம் ஆண்டில் இதை வெளியிட்டார்கள். “சீ-கேட்” என்பது இதன் சுருக்கப் பெயர். மாத்திரையை விழுங்கிய சில மணி நேரத்தில் காமிராக் கருவியின் கீழ் படுக்க வைத்து, உடலில் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பார்கள். ஏழாம் நாள் மறுபடியும் அளப்பார்கள். முதல் நாள் இருந்ததில் 15 சதவீதத்துக்குக் குறைவாக மிஞ்சியிருந்தால் கோளாறு உண்டு என்று பொருள். 10-க்குக் கீழே என்றால் நடுத்தரம். 5-க்குக் கீழே என்றால் கடுமை. உடலில் படும் கதிரியக்கம் மிகக் குறைவு.

ஏழு நாள் காத்திருப்பது ஏன்? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பித்த அமிலம் தினமும் 5 சுற்று வருவதாக வைத்துக் கொள்வோம். ஏழு நாளில் 35 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் 3 சதவீதம் நழுவினால், ஏழாம் நாள் 34 சதவீதம் மிஞ்சும். 5 சதவீதம் நழுவினால் சுமார் 17 சதவீதம் மிஞ்சும். 10 சதவீதம் நழுவினாலோ 3 சதவீதம்கூடத் தேறாது! கூட்டு வட்டி கடனைப் பெருக்குவது போல, ஒரு சுற்றில் கண்ணுக்குத் தெரியாத வேறுபாட்டை 35 சுற்றுகள் பெருக்கிக் காட்டிவிடுகின்றன. இந்தச் சோதனையின் நுட்பம் அதில்தான் இருக்கிறது.

பிரிட்டனிலும் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றிலும் கனடாவிலும் இந்தச் சோதனை நடக்கிறது. அமெரிக்காவில் இது நடைமுறைக்கு வரவில்லை. அதனால் அமெரிக்க டாக்டர்கள் வேறு வழிகளைத் தேடினார்கள்.

இரண்டாவது, மலத்தையே அளப்பது. மேயோ கிளினிக்கில் டாக்டர் மைக்கேல் கமில்லரியின் குழு இந்த முறையைச் செம்மைப்படுத்தியது. நோயாளி நான்கு நாட்கள் தினமும் 100 கிராம் கொழுப்பு உள்ள உணவைச் சாப்பிட வேண்டும். கடைசி 48 மணி நேரத்தில் போகும் மலம் முழுவதையும் ஒரு கலத்தில் சேகரித்துக் கொடுக்க வேண்டும். அதில் மொத்தப் பித்த அமிலம் 2,337 மைக்ரோமோலுக்கு மேல் இருந்தாலோ, கல்லீரலில் பிறந்தபடியே மாறாமல் வரும் முதல்நிலைப் பித்த அமிலங்கள் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தாலோ கோளாறு உறுதி.

முதல்நிலை என்பது என்ன? பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்கள், அங்கே வரும் பித்த அமிலத்தை வேறு வடிவத்துக்கு மாற்றிவிடும். ஆரோக்கியமானவரின் மலத்தில் பெரும்பாலும் அப்படி மாறியவையே இருக்கும். மாறாமலே நிறைய வந்தால், சரக்கு மிகுதியாக வந்தது அல்லது மிக வேகமாக ஓடியது என்று தெரிந்து கொள்ளலாம்.

இந்த முறை நேரடியானது. எவ்வளவு வெளியேறுகிறது என்பதை அப்படியே சொல்லிவிடும். ஆனால், இரண்டு நாள் மலத்தைச் சேகரித்துப் பாதுகாத்துக் கொடுப்பது யாருக்குத்தான் எளிது? ஒரே அறையில் குடும்பம் நடத்துகிறவர்கள், பொதுக் கழிவறையை நம்பியிருப்பவர்கள் என்ன செய்வார்கள்? இந்தச் சிரமத்தைக் குறைக்க, ஒரே ஒரு தடவை எடுத்த மல மாதிரியையும் ரத்தச் சோதனையையும் சேர்த்துப் பார்த்தே முடிவுக்கு வரலாம் என்று மேயோ ஆராய்ச்சியாளர்கள் 2020-ம் ஆண்டில் எழுதினார்கள்.

மூன்றாவது, ரத்தத்தில் சி-4 அளப்பது. கொலஸ்ட்ரால் பித்த அமிலமாக மாறும் வழியில் பல படிகள் உண்டு. இடைப்படி ஒன்றில் உண்டாகும் பொருளுக்குச் சி-4 என்று பெயர். தச்சுப் பட்டறை வாசலில் பாதி செய்த நாற்காலிகள் நிறைய அடுக்கியிருந்தால், உள்ளே வேலை மும்முரமாக நடக்கிறது என்று ஊகித்துக் கொள்கிறோம் அல்லவா? அதைப் போல, ரத்தத்தில் சி-4 அதிகமாக இருந்தால் கல்லீரல் பித்த அமிலத்தை அதிகமாகத் தயாரிக்கிறது என்று பொருள்.

ஊசி குத்தி ரத்தம் எடுத்தால் போதும். மாத்திரை வேண்டாம், காமிரா வேண்டாம், மலம் சேகரிக்கவும் வேண்டாம். ஆனால், நேரம் முக்கியம். சி-4 அளவு நாள் முழுவதும் ஏறி இறங்கும். ஆகவே காலையில் வெறும் வயிற்றில்தான் எடுக்க வேண்டும். கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும், ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு மிகுந்தவர்களுக்கும் கணக்கு தவறலாம். எல்லா ஆய்வுக்கூடங்களுக்கும் ஒரே எல்லைக்கோடு என்றும் கிடையாது. மில்லிலிட்டருக்கு 46 நானோகிராம் என்று வைத்துக் கொண்டவர்களும் உண்டு; 52.5 என்று வைத்துக் கொண்டவர்களும் உண்டு. சோதனை முடிவைக் கையில் வாங்கியவர்கள் தாங்களே தீர்ப்புச் சொல்லிக் கொள்ளாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பது இதனால்தான்.

நான்காவது, மேலே சொன்ன தூதரையே, அதாவது எப்.ஜி.எப்.-19 புரதத்தை, ரத்தத்தில் அளப்பது. இது குறைந்தால் கோளாறு என்று கொள்ளலாம். ஆனால், சி-4 சோதனை அளவுக்கு இதன் முடிவை நம்ப முடியவில்லை. அதனால் பெரும்பாலும் ஆராய்ச்சிகளிலேயே பயன்படுகிறது.

எத்தனை பேருக்கு?

லண்டன் ஆராய்ச்சியாளர்கள் 2009-ம் ஆண்டில் 18 ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்தார்கள். மொத்தம் 1,223 நோயாளிகள். எல்லோரும் வயிற்றுப்போக்குடன் கூடிய ஐ.பி.எஸ். போன்ற தொல்லை உடையவர்கள். செலீனிய மாத்திரையால் சோதித்ததில், சுமார் 10 சதவீதம் பேருக்கு ஏழாம் நாள் மிச்சம் 5 சதவீதத்துக்கும் கீழே இருந்தது. 10 சதவீதத்துக்குக் கீழே என்ற கோட்டை வைத்துப் பார்த்தால் 32 சதவீதம் பேர் அதில் அடங்கினார்கள். அதற்குப் பின் வந்த தொகுப்புகளும், நாலில் ஒருவருக்காவது இந்தக் கோளாறு இருப்பதாகவே கூறுகின்றன.

அதே தொகுப்பில் இன்னொரு செய்தியும் உண்டு. பித்த அமிலத்தைப் பிடித்துக் கொள்ளும் கொலஸ்டிரமின் மருந்தைக் கொடுத்தபோது, கடுமையான பிரிவில் 96 சதவீதம் பேருக்கும், 10-க்குக் கீழ் உள்ளவர்களில் 80 சதவீதம் பேருக்கும், 15-க்குக் கீழ் உள்ளவர்களில் 70 சதவீதம் பேருக்கும் குணம் தெரிந்தது. அளவு எவ்வளவு மோசமோ, மருந்து அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது! அளப்பது வெறும் ஆராய்ச்சி ஆசைக்காக அல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

மருந்து என்ன செய்கிறது?

கொலஸ்டிரமின் ஒரு பொடி. தண்ணீரிலோ பழரசத்திலோ கரைத்துக் குடிக்க வேண்டும். முதலில் கொலஸ்ட்ராலைக் குறைப்பதற்காகப் புழக்கத்துக்கு வந்தது. இது ரத்தத்தில் சேர்வதே இல்லை. குடலுக்குள்ளேயே பித்த அமிலத்தைப் பற்றிக் கொண்டு மலத்தோடு வெளியேறிவிடும். பற்றப்பட்ட பித்த அமிலத்தால் பெருங்குடலை உறுத்த முடியாது.

குறைகளும் உண்டு. பொடி மணல் போல நாக்கில் நெருடும். வயிறு உப்பும். அளவு மிஞ்சினால் மலச்சிக்கல் வரும். சிறிய அளவில் தொடங்கி, டாக்டர் சொல்கிறபடி கூட்டிக் கொண்டு போக வேண்டும்.

மிக முக்கியமான எச்சரிக்கை ஒன்று: இந்தப் பொடிக்குப் பித்த அமிலம் எது, மாத்திரை எது என்று தெரியாது. தைராய்டு மாத்திரை, இருதய மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை ஆகியவற்றையும் பற்றிக் கொண்டுவிடும். மற்ற மருந்துகளை இந்தப் பொடிக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவோ, நான்கு முதல் ஆறு மணி நேரம் கழித்தோ சாப்பிட வேண்டும். நீண்ட காலம் சாப்பிடுகிறவர்களுக்கு ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் குறையலாம்.

பொடி பிடிக்காதவர்களுக்குக் கொலசெவெலம் என்ற மாத்திரை இருக்கிறது. சி-4 சோதனையால் கண்டறியப்பட்ட நோயாளிகளுக்கு இதைக் கொடுத்து, வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்த டென்மார்க் ஆய்வு 2023-ம் ஆண்டில் வெளிவந்தது. மருந்து தெளிவாக வென்றது. அதே நாட்டில் 52 பேரிடம் நடந்த மற்றொரு ஆய்வில் (2022), லிராகுளூடைடு என்ற ஊசி மருந்து 77 சதவீதம் பேருக்கும், கொலசெவெலம் 50 சதவீதம் பேருக்கும் பலன் தந்தது. ஊசி மருந்து பற்றி முடிவாகச் சொல்ல இன்னும் பெரிய ஆய்வுகள் வேண்டும்.

உணவிலும் கவனம் தேவை. கொழுப்பு அதிகமாக இருந்தால் பித்த நீரும் அதிகமாக இறங்கும். வடா பாவ், போண்டா, பூரி முதலியவற்றைக் குறைத்துக் கொண்டாலே சிலருக்கு நல்ல மாறுதல் தெரியும்.

மருந்தையே கொடுத்துப் பார்த்தால் என்ன?

“சோதனைக்குச் செலவழிப்பானேன்? பொடியைக் கொடுத்துப் பார்ப்போம். கேட்டால் அதுதான் நோய்” என்று சொல்கிறவர்களும் உண்டு. சோதனை வசதி இல்லாத இடங்களில் டாக்டர்கள் அப்படிச் செய்வதும் உண்டு. அதைத் தவறு என்று சொல்லிவிட முடியாது.

ஆனால், அதில் ஒரு பொறி இருக்கிறது. பொடியின் சுவை பிடிக்காமல் நோயாளி நாலாம் நாளே நிறுத்திவிடுவார். அல்லது கொடுத்த அளவு போதாமல் இருந்திருக்கும். “மருந்து கேட்கவில்லை, ஆகவே பித்த அமிலம் காரணம் அல்ல” என்று எழுதி, அந்தக் கதவையே மூடிவிடுவார்கள். அளந்து உறுதி செய்யப்பட்டவரோ, “எனக்கு இருப்பது இன்ன நோய்” என்று தெரிந்திருப்பதால் பல்லைக் கடித்துக் கொண்டு மருந்தைத் தொடர்வார். பொடி ஒத்துக் கொள்ளாவிட்டால் மாத்திரைக்கு மாறுவார்.

பிரிட்டிஷ் குடல்நோய் மருத்துவர் சங்கம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டி, செலீனிய மாத்திரையாலோ சி-4 சோதனையாலோ உறுதி செய்து கொள்ளும்படி கூறுகிறது. டாக்டர் ரமேஷ் அரசரத்தினம் தலைமையில் எழுதப்பட்டது அது. அமெரிக்கக் குடல்நோய் மருத்துவர் சங்கமும் 2019-ல், நாள்பட்ட வயிற்றுப்போக்கில் பித்த அமிலத்தைச் சோதிக்கும்படி யோசனை கூறியது.

பிரிட்டனில் இந்த நோயாளிகளிடம் கேட்டறிந்தபோது, பாதிக்கு நெருங்கியவர்கள், நோய் இன்னது என்று தெரியும் முன்பே 5 ஆண்டுகளுக்கு மேல் அவதிப்பட்டிருந்தார்கள். சோதனை வசதி உள்ள நாட்டிலேயே இந்த நிலை!

நம் நாட்டில்...

இங்கே இந்தச் சோதனைகள் எல்லா ஊர்களிலும் கிடைப்பது இல்லை. மேலும், நம் நாட்டில் ஓயாத வயிற்றுப்போக்கு என்றால் முதலில் விலக்க வேண்டிய நோய்கள் வேறு இருக்கின்றன. சிறுகுடலின் கடைசிப் பகுதியும் பெருங்குடலும் சேரும் இடத்தில் வரும் காசநோய் அவற்றில் முக்கியமானது. ஜியார்டியா கிருமி, பால் ஒத்துக் கொள்ளாமை, குடல் அழற்சி, தைராய்டு மிகுதி ஆகியவையும் உண்டு.

வெப்ப நாடுகளுக்கே உரிய “ஸ்ப்ரூ” என்ற உறிஞ்சாமை நோயும் உண்டு. நாட்டு வைத்தியத்தில் “கிராணி” என்று சொல்லும் கழிச்சலோடு இதைப் பலர் ஒப்பிடுவார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் செல்வின் பேக்கரும் டாக்டர் வி.ஐ. மாத்தனும் இந்த நோயைப் பற்றிச் செய்த ஆராய்ச்சி உலகப் புகழ் பெற்றது. சிறுகுடலின் கடைசிப் பகுதியைப் பாதிக்கும் எந்த நோயும் பித்த அமிலச் சுற்றைக் கெடுக்கலாம். வைட்டமின் பி-12 உறிஞ்சப்படுவதும் அதே இடத்தில்தான். ஆகவே, பி-12 குறைவும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து இருந்தால் டாக்டர் அந்த இடத்தைக் கவனிப்பார்.

ஒரு முக்கியமான விதிவிலக்கு: ஆபரேஷனில் சிறுகுடலின் கடைசிப் பகுதியை ஒரு மீட்டருக்கு மேல் வெட்டி எடுத்தவர்களுக்கு, பித்த அமிலத்தைப் பிடிக்கும் மருந்து கொழுப்புச் செரிமானத்தை இன்னும் கெடுத்துவிடக்கூடும். அவர்கள் தாங்களாக இந்தப் பொடியை வாங்கிச் சாப்பிடக் கூடாது.

டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும்?

பித்தப்பையை ஆபரேஷன் செய்து எடுத்த பிறகு தொல்லை தொடங்கியதா? சர்க்கரை நோய்க்கு மெட்பார்மின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? வயிற்றுப் பகுதியில் கதிரியக்கச் சிகிச்சை நடந்ததா? எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்டால் கூடுகிறதா? தண்ணீராக, மஞ்சளாகவோ பச்சையாகவோ போகிறதா? ஆடையில் போய்விடுவது உண்டா? இவற்றை வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். அறிகுறிகளை மட்டும் வைத்து இந்த நோயை உறுதி செய்ய முடியாது. ஆனால், எந்தத் திசையில் தேடுவது என்று டாக்டருக்கு அவை காட்டும்.

மலத்தில் ரத்தம், காரணம் இல்லாமல் எடை குறைதல், விட்டு விட்டு வரும் காய்ச்சல், ரத்தசோகை, தூக்கத்தில் இருந்து எழுப்பிவிடும் வயிற்றுப்போக்கு, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய தொல்லை, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய்... இவற்றில் ஒன்று இருந்தாலும் ஐ.பி.எஸ். என்றோ பித்த அமிலம் என்றோ நினைத்துக் கொண்டு நாளைக் கடத்தக் கூடாது. உடனே முழுச் சோதனை செய்து கொள்ள வேண்டும்.

எல்லாச் சோதனைகளும் முடிந்து, “ஒன்றும் இல்லை” என்ற பதில் வந்த பிறகும் வயிற்றுப்போக்கு ஓயவில்லையா? அப்போது டாக்டரிடம் பணிவாக ஒரு கேள்வி கேட்கலாம்: “எனக்குப் பித்த அமிலக் கோளாறு இருக்குமா? அளந்து பார்க்க வழி உண்டா?”

நாலில் மூன்று பேருக்கு, “இல்லை” என்ற பதில் வரலாம். அவர்களுக்கு வேறு சிகிச்சைகள் இருக்கின்றன. மீதி ஒருவருக்கு, பல ஆண்டுகளாகச் சுமந்த பழிச்சொல் நீங்கி, நோய்க்கு ஒரு பெயரும் அதற்கு ஏற்ற மருந்தும் கிடைக்கும்.